பதினெட்டு அடி

30 ஜூலை 2023, ஞாயிறு

பலகையில் இன்று: "நரகத்துக்குப் பயந்துதான் நல்லவனாக இருக்கிறாய் என்றால், யாரும் பார்க்காத இடத்தில் நீ யார்?"

ஆறு மணிக்கு எழுதி முடித்தேன். ஏழு மணிக்குள் ஓர் ஆடு வந்து கீழ் வரியில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. திரும்ப எழுதினேன்.

ஆடி வந்தால் எனக்குக் கோபம் வரும் என்று பனந்தோப்புத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருமுனையில் மாரியம்மன் கோயில். நேர் எதிரே டீக்கடைச் சுவரில் என் கரும்பலகை. 1975-இல் பகுத்தறிவு மன்றத் தோழர்கள் ஏழு பேர் சேர்ந்து மாட்டினோம். ஆறு பேர் இறந்துவிட்டார்கள். கோயில் வாசற்கல்லுக்கும் பலகைக்கும் நடுவே பதினெட்டு அடி. நாடா வைத்து அளந்தவன் நான். அம்மன் கண் திறந்தால் முதலில் எங்கள் எழுத்தைப் படிக்கட்டும் என்று நேருக்கு நேர் மாட்டினோம்.

இந்த வருடமும் கோயிலுக்கு விளக்கு அலங்காரம் என் மகன்தான். அறிவுக்கரசு என்று பெயர் வைத்தவன் நான். நெற்றியில் குங்குமத்தோடு, ஆட்டோவில் "அரசு சவுண்டு சர்வீஸ்" என்று எழுதிக்கொண்டு திரிகிறவன் அவன். அடுத்த தெருவில் குடும்பத்தோடு இருக்கிறான். ஒயரிங் வேலை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

டீக்கடையில் தணிகாசலம் வாயைக் கிளறினான். கோயில் கமிட்டித் தலைவன். என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நான் அதோடு பள்ளியை விட்டேன். அவன் அதற்கு மேலும் படித்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

"இன்னா கோவிந்தசாமி, இந்த வருசமாவது கூழு குடிக்க வருவியா?"

"என் பேர் கோவேந்தன்."

"ரேசன் கார்டுல சாமி கீதே."

"வெட்டச் சொல்லி மூணு தடவ ஆபீசுக்கு நடந்தேன். வெட்டல."

"ஆபீசராலயே சாமிய வெட்ட முடியல. நீ சாக்பீஸ் வச்சிகினு இன்னாத்த வெட்டப் போற?"

கடையே சிரித்தது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

2 ஆகஸ்ட், புதன்

கடைவாய்ப் பல்லில் வலி. பச்சையம்மாளுக்கு முழங்கால் வலி. இருவரும் ஒரே தைலத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

கோயிலுக்கு முன்னால் பந்தல் எழும்புகிறது. இரும்புக் கம்பம், மேலே தகரம். போடுகிறவன் ஏழுமலை, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் காலனியில் இருப்பவன். முப்பத்தெட்டு வயது இருக்கும். குழி தோண்டுவதை நிறுத்திவிட்டு, கடப்பாரையில் சாய்ந்துகொண்டு, பலகையை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான். நான் எழுதுவதைத் தினமும் கடைசிச் சொல்வரை படிப்பவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

"போர்டு தாத்தா, எழுதறது நல்லாத்தான் கீது. ஆனா சாமி இல்லன்னு ஆயிட்டா எனக்கு ஆடி மாசத்துல வேல ஏது?"

"கல்யாணத்துக்குப் பந்தல் போடு."

"அதுல ஒருவேள சோறுதான் தாத்தா. அம்மன் மூணு நாளைக்குப் போடுது."

தண்ணீர் கேட்டான். கொண்டுபோனேன். வாசற்கல் வரைக்கும் போய் நின்று கையை நீட்டினேன். அவன் வந்து வாங்கிக்கொண்டான். அந்தக் கல்லைத் தாண்டி 1974-இலிருந்து நான் கால் வைத்ததில்லை. காரணம் அந்த வருடத்து நோட்டில் இருக்கிறது. திரும்ப எழுத வேண்டியதில்லை.

பச்சையம்மாள் கூழுக்குக் கேழ்வரகு காயவைக்கிறாள். ஒவ்வொரு வருடமும் போகிறாள். நான் தடுத்ததில்லை. பேசியதுமில்லை.

4 ஆகஸ்ட், வெள்ளி

மாலை ஆறு மணிக்குப் பலகையை அழித்து மாற்றி எழுதினேன்: "அம்மன் முகத்து வெளிச்சம் திருட்டு மின்சாரம்."

முப்பத்துநாலு வருடம் மின்வாரியத்தில் ஒயர்மேன் வேலை பார்த்தவன் நான். கண் புரை எடுத்த பிறகும் கம்பியைப் பார்த்தால் தெரியும். பதினைந்து பேராவது நின்று படித்தார்கள். சிலர் கைபேசியில் படம் எடுத்தார்கள். தணிகாசலத்தின் முகம் போன போக்கு இந்த வருடம் முழுவதற்கும் போதும்.

கீரைச்சோறு. பல் சற்றுத் தேவலை. காற்றில் ஈரம் இருக்கிறது. விடிவதற்குள் தூறும்.

5 ஆகஸ்ட், சனி

ஏழுமலை இறந்துவிட்டான்.

காலை ஆறேகால். தூறல். பந்தல் தகரத்தில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட ஏறப் போனவன் இரும்புக் கம்பத்தைப் பிடித்திருக்கிறான். நான் சாக்பீசோடு வந்துகொண்டிருந்தேன். கம்பத்தோடு ஒட்டி நின்றான். சத்தம் வரவில்லை. யாரும் அவனைத் தொடாதீர்கள், காய்ந்த மூங்கிலை எடுத்து ஒயரை அடியுங்கள் என்று நான்தான் கத்தினேன். டீ மாஸ்டர் அடித்தார். விழுந்தான். இரண்டு பேர் நெஞ்சை அமுக்கினார்கள். தப்பாக அமுக்கினார்கள். எப்படி அமுக்க வேண்டும் என்று சொன்னேன்.

எல்லாவற்றையும் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே சொன்னேன்.

பலகையைத் துடைத்தேன். இன்று ஒன்றும் எழுதவில்லை.

6 ஆகஸ்ட், ஞாயிறு

கூழ் ஊற்றுவதை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். பல்லுக்குக் கிராம்பு வைத்தேன்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

பலகை காலியாகவே இருக்கிறது. டீ மாஸ்டர் கேட்டார். பல் வலி என்றேன்.

சனிக்கிழமை போலீஸ் வருவதற்குள், மேலே தெருக்கம்பியில் போட்டிருந்த கொக்கியும் ஒயரும் காணாமல் போயின. அந்த இடத்தில் கோயில் மீட்டரிலிருந்து இழுத்த புது ஒயர் ஒழுங்காக ஓடுகிறது. கம்பத்தில் துளை போடும் மெஷினுக்கு ஏழுமலையே திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டான், மாட்டிக்கொண்டான் என்று கமிட்டியில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செத்தவன் மேல் திருட்டுப் பட்டம்.

தணிகாசலம் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தான். கிண்டல் இல்லை.

"செத்தவனுக்கு இனிமே கேசு இல்ல, ஜெயிலும் இல்ல. இருக்கறவன் புள்ளகுட்டிக்காரன். உம் புள்ளய்யா அவன்."

டீ கிளாசை எடுத்தேன்.

"நீதான் சாமியே இல்லன்ற. அப்பறம் யாருக்குப் பயந்து உண்மைய சொல்லப் போற?"

"பயந்து சொல்ற உண்மை உன்னோடது. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

"அப்ப சொல்லப் போறியா?"

டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்தேன். சரியான பதிலைத்தான் சொன்னேன். கடையிலிருந்து வலது பக்கம் போலீஸ் ஸ்டேஷன். வீடு இடது பக்கம். வீட்டுக்கு வந்தேன். பல் மிகவும் வலித்தது.

10 ஆகஸ்ட், வியாழன்

பச்சையம்மாள் அரிசி எடுத்துக்கொண்டு காலனிக்குப் போய்வந்தாள். ஏழுமலையின் மனைவி பெயர் நதியா. பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

வந்தவள் நெடுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அந்த நதியா சோறே எடுக்க மாட்டுது. வெள்ளிக்கெழம அது தூரமாம். மழ வர மாதிரி இருந்துதுன்னு உள்ளயே ஆக்கி, தங்கையால புருசனுக்குப் போட்டுச்சாம். அவன் அதத் தின்னுட்டு அம்மன் பந்தலத் தொட்டானாம். அதனாலதான் அம்மா எடுத்துகினா, நான்தான் கொன்னுட்டேன்னு சோத்துச் சட்டியப் பாத்துப் பாத்து அழுவுது."

"முட்டாள்தனம்" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். அத அதுங்கிட்ட சொல்றதுக்கு யாரு கீறாங்க?"

என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் செய்தித்தாளை எடுத்தேன். நேற்றையது.

12 ஆகஸ்ட், சனி

அரசு வந்தான். குங்குமம் இல்லை. என் கண்களைப் பார்க்காமல் சுவரில் இருந்த சுவிட்சு போர்டைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"உங்கள ஸ்டேசன்ல கூப்புட்டா, ஒண்ணும் பாக்கலன்னு சொல்லுங்கப்பா. கண்ணு ஆபரேசன் பண்ணவருன்னு நான் சொல்லிட்டேன்."

"நான் பாத்தேன்."

"இன்னா பாத்தீங்க?"

"மூணாவது கம்பத்துக்கிட்ட ஜாயிண்ட்டு மொட்டையா இருந்துச்சு. டேப்பு ஒரு சுத்துதான். இரும்புல உரசுது. எர்த்து கிடையாது. எர்த்து இல்லாம ஒரு பல்பு மாட்டக் கூடாதுன்னு உனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"எப்பப் பாத்தீங்க?"

அவன் திரும்பி முதல் முறையாக என்னைப் பார்த்தான்.

"வெள்ளிக்கெழம சாயங்காலமே பாத்துட்டீங்க. பாத்துட்டுதான் எழுதனீங்க."

"நீ படிச்சியா அதை?"

"படிச்சேன். எப்பவும் திட்டறதுதானன்னு வுட்டுட்டேன். திருட்டுன்னு எழுதனீங்கப்பா. ஜாயிண்ட்டு மொட்டையா கீதுன்னு எழுதலியே. அவுருங்கடான்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா ஓடியாந்து அவுத்திருப்பேன். இல்ல, நீங்களே ரெண்டு எட்டு வந்திருந்தா."

"உன் வேலைக்கு நான் காவலா?"

"கரெக்டு. என் தப்புதான். கமிட்டி சொல்லி நான்தான் போட்டேன், நான்தான் காலையில அவுத்து ஒளிச்சேன்." எழுந்தான். வாசலில் நின்றான். "போர்ட யாருப்பா துடைச்சது?"

போய்விட்டான். அவன் அம்மா கொடுத்த காபி அப்படியே ஆறியது.

13 ஆகஸ்ட், ஞாயிறு

கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி இல்லை. பச்சையம்மாள் போகவில்லை. கேழ்வரகு மாவு தூக்குச்சட்டியில் அப்படியே இருக்கிறது.

15 ஆகஸ்ட், செவ்வாய்

1974-ஆம் வருடத்து நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைப் படித்தேன். அதை இங்கே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

என் மகள் மலர்விழிக்கு நான்கு வயது. நான் மலையடிவாரத்தில் புதுக் கம்பி இழுக்கும் வேலையில் முகாமில் இருந்தேன். பிள்ளைக்குத் தட்டம்மை போட்டது. அம்மா இறங்கியிருக்கிறாள், மருந்து கொடுத்தால் கோபிப்பாள் என்று என் தாயார் வேப்பிலையில் படுக்கவைத்தார். மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி மூன்று மைல். கொண்டுபோகவில்லை. நான் வந்தபோது கோயிலிலிருந்து வாங்கிவந்த மஞ்சள் தண்ணீர் சொம்பு தலைமாட்டில் இருந்தது. பிள்ளை இல்லை. அன்றைக்கு எழுதியிருக்கிறேன்: "மூச்சு இழுப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. கேட்டால் அம்மனைக் காட்டுகிறார்கள்."

என் நாத்திகம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. புத்தகங்கள் பிறகு வந்தன. ஒருத்தி கோபிப்பாள் என்பதற்காக ஒரு பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது எனக்கு ஆகாது, அவ்வளவுதான். மேலே எவனும் இல்லையென்றால் பிள்ளைக்கு நாம்தான் பொறுப்பு. இதைவிடப் பெரிய நூல் எதையும் நான் படித்ததில்லை.

அந்த மூன்று வரிகளைப் பலமுறை படித்தேன். 1974-இல் எழுதிய கை என்னுடையது.

பச்சையம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்க வராது. ஆனால் பழுப்பு அட்டை போட்ட நோட்டு எந்த வருடத்தது என்று தெரியும்.

"அதுல நானும் நின்னு பாத்தேன்னுதான எழுதி வச்சிக்கீறீங்க?"

"ஆமா."

முறத்தைக் கீழே வைத்தாள்.

"மூணா நாளு புள்ளயத் தூக்கிகினு ரோட்டு வரைக்கும் ஓடனேன். பஸ்ஸுக்கு நின்னேன். உங்கம்மா வந்து முடியப் புடிச்சி இட்டாந்தாங்க. தெருவே பாத்துது. தணிகாசலம் அண்ணனும் பாத்துகினு நின்னாரு. நீங்க வந்து ஒருத்தரையும் ஒரு வார்த்த கேக்கல. நேரா போயி எழுத ஒக்காந்துட்டீங்க."

"நீ ஏன் சொல்லல?"

"கேக்காதவங்ககிட்ட இன்னான்னு சொல்றது?"

அதற்குப் பிறகு உளுந்தைப் புடைத்து முடித்தாள். கல்லைப் பொறுக்கினாள். டப்பாவில் கொட்டி மூடினாள். நாற்பத்தொன்பது வருடம்.

"போயி சொல்லுங்க. அரசு எம் வயித்துல பொறந்தவன்தான். போயி சொல்லுங்க. அந்தப் பொண்ணும் என்ன மாதிரி இன்னும் அம்பது வருசம் உள்ளயே வச்சிகினு கெடக்கக் கூடாது."

17 ஆகஸ்ட், வியாழன்

கடையிலிருந்து வலது பக்கம் திரும்பினேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே நடத்தினார். இரண்டு முறை சொன்னார்: "பெரியவரே, உங்க பையன். யோசிச்சுக்கோங்க." யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். கொக்கி போட்டது அரசு, சொன்னது கமிட்டி, எடுத்து ஒளித்தது அரசு. தெருவில் யாரோ எடுத்த படத்தில் என் பலகை வாசகமும் பின்னால் ஒயரும் சேர்ந்தே விழுந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை நேரத்தோடு. ஏழுமலை கம்பத்தைத் தொட்டது அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து.

"சரி, இது போதும்."

"இன்னொண்ணு எழுதணும். ஜாயிண்ட் மொட்டையா இருந்ததை நான் பாத்தேன். உயிருக்கு ஆபத்துன்னு தெரியும். மழை வரும்னும் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. மறுநாள் பலகையைத் துடைச்சேன்."

"அது கேசுக்குத் தேவையில்லீங்களே."

"எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டேன். கோவேந்தன் என்று போட்டதை அடித்துவிட்டு, ஆதார் அட்டையில் உள்ளபடி கோவிந்தசாமி என்று போடச் சொன்னார். போட்டேன்.

மாலை அரசுவை அழைத்துப் போனார்கள். மருமகள் எங்கள் வாசலில் வந்து நின்று மண்ணை வாரி வீசிவிட்டுப் போனாள். பச்சையம்மாள் பெருக்கினாள்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

காலனிக்குப் போனேன். ரயில்வே லைன் தாண்டி இரண்டாவது வரிசை. கூட்டங்களில் பேசுவதற்காக அந்தக் காலனிக்கு நாற்பது தடவை போயிருப்பேன். ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

நதியா பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். பெண் சுவரோரம் நின்றது. நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஒயர், ஜாயிண்ட், இரும்பு, மழை. மின்சாரம் எப்படி ஓடும் என்று விளக்கினேன்.

"அப்ப நான் போட்ட சோறு இல்லியா?"

"இல்லம்மா."

"தூரத்துல போட்டது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நெஜமாத்தான் சொல்றியா தாத்தா? நீ சாமி இல்லன்றவன். அதனால சொல்றியா?"

"ஒயரைப் பாத்தவன். அதனால சொல்றேன். உன் சோறு ஒண்ணும் பண்ணல. உன் புருசன் திருடவும் இல்ல."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவை சொன்னேன். அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். அவள் சோற்றுக்கு அது போதும். என் கணக்கு அதில் தீரவில்லை. மீதியையும் சொன்னேன். பார்த்தேன், தெரிந்தது, சொல்லவில்லை, பலகையில் வேறொன்றை எழுதினேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"அந்த அம்மன் மொகத்து வெளிச்சமா?"

"ஆமா."

"எம் புருசன் வெள்ளிக்கெழம வூட்டுக்கு வந்து சொல்லிச்சே. பூராவும் படிச்சிட்டேன்னு. போர்டு தாத்தா அம்மனையே ஓட்டிக்கீறாருன்னு சொல்லிச் சொல்லி சிரிச்சிது." அவள் பெண்ணைப் பார்த்தாள். பெண் தலையாட்டியது. "நீ எது எழுதினாலும் அது படிக்கும் தாத்தா. கம்பத்தத் தொடாதன்னு எழுதியிருந்தா, தொட்டிருக்காது."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரோட்டுக்கு இந்தப் பக்கம் நீ. அந்தப் பக்கம் அது. எவ்ளோ தூரம் வரும்?"

"பதினெட்டு அடி."

"அளந்து வச்சிக்கீற" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். நான் யாரிடமும் கேட்டுப் பழகியதில்லை. சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. அவள் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எழுந்து போ தாத்தா" என்றாள். லைன் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே அடுப்புப் புகை தெரிந்தது. சமைக்கிறாள் என்று நினைக்கிறேன். வேறு யாராவதாகவும் இருக்கலாம்.

23 ஆகஸ்ட், புதன்

பல்லைப் பிடுங்கியாயிற்று.

29 ஆகஸ்ட், செவ்வாய்

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். டவாலி வாசலில் வந்து "கோவிந்தசாமி" என்று மூன்று முறை கூவினார்.

கிளார்க் வாசிக்கத் தொடங்கினார், கடவுள் மீது ஆணையாக என்று. நான் நிறுத்தினேன். எனக்குக் கடவுள் இல்லை, என் மனசாட்சிப்படி உறுதி கூறுகிறேன் என்றேன். மாஜிஸ்திரேட் இளவயதுப் பெண். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சட்டத்துல இடம் இருக்கு, அப்படியே எழுதுங்க" என்றார்.

வாழ்நாளில் ஒரு முறையாவது ஒரு நீதிமன்றத்தில் அப்படிச் சொல்ல வேண்டும் என்று வாலிப வயதில் ஆசைப்பட்டதுண்டு. தோழர்களோடு ஒத்திகை பார்த்ததுண்டு. இன்று சொன்னபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. சொல்ல வேண்டியவை அனைத்தையும் சொன்னேன். ஒரு சொல் குறையவில்லை.

அரசு ஜாமீனில் வந்துவிட்டான். வெளியே புங்கமரத்தடியில் நின்றிருந்தான். மீசையை எடுத்திருக்கிறான். முகம் சின்னதாகிவிட்டது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவான் என்று நினைத்தேன். அருகில் வந்தான்.

"சாமி குத்தம்னா ஒரு மொட்டயப் போட்டு, பொங்க வச்சி, தீந்துதுன்னு வந்திருப்பேன்பா. உங்ககிட்ட இன்னாத்தப் போடறது?"

"எங்கிட்டப் போட வேண்டாம். அந்தப் பொண்ணுகிட்டப் போ."

"போனேன். கதவத் தொறக்கல."

"மறுபடியும் போ."

"நீங்க போனீங்களா மறுபடியும்?"

பேருந்து வந்தது. அவன் ஏறவில்லை. நான் ஏறினேன்.

5 செப்டம்பர், செவ்வாய்

மின் ஆய்வாளர் வந்தார். கொக்கி எங்கே, ஒயர் எப்படி வந்தது, ஜாயிண்ட் எந்த இடத்தில் என்று நின்று காட்டச் சொன்னார். பந்தல் இல்லை, கம்பம் நட்ட குழிகள் மட்டும் மண் மூடிக் கிடந்தன.

"இங்கிருந்தே காட்றேன்" என்றேன், பலகைக்குக் கீழே நின்றுகொண்டு.

"அங்கிருந்து சொன்னா எனக்கு எப்படிங்க தெரியும்? வாங்க."

தணிகாசலம் கோயில் வாசலில் நின்றிருந்தான். நான் தெருவைக் கடந்தேன். கல்லைத் தாண்டினேன். மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் போய் நின்று இடத்தைத் தொட்டுக் காட்டினேன். தரை, மற்ற இடங்களைப் போலத்தான் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு.

ஏதாவது சொல்வான் என்று தணிகாசலத்தைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றாமல் போனேன் என்றுகூட அவன் சொல்லவில்லை.

திரும்பும்போது கல்லிலிருந்து பலகைவரை எண்ணினேன். என் எட்டுக்கு, இந்த வயதில், ஒன்பது எட்டு.

6 செப்டம்பர், புதன்

ஒரு மாதம் கழித்து இன்று காலை பலகையில் எழுதினேன்:

"ஆகஸ்ட் 4 மாலை ஆறு மணிக்கு, எதிரே மூன்றாவது கம்பத்தில் ஒயர் மொட்டையாக உரசுவதை இந்த இடத்தில் நின்று பார்த்தேன். பக்கத்தில் போய்ச் சொல்லியிருந்தால் ஏழுமலை இருப்பார். சொல்லவில்லை. கொக்கி போட்டவர் என் மகன் அரசு. ஏழுமலை திருடவில்லை. — கோவேந்தன்"

இடம் போதவில்லை. கடைசி வரியை நெருக்கி எழுதினேன்.

டீ மாஸ்டர் படித்துவிட்டு உள்ளே போய்விட்டார். தணிகாசலம் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. எட்டு மணிக்குப் பச்சையம்மாள் வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து வந்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் பலகையில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. நான் சொன்னதுமில்லை. ஊருக்கெல்லாம் எழுதினேன். அவளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை. நேரம் இல்லை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"படிங்க" என்றாள்.

படித்தேன். தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள். முடிவு வரை படித்தேன்.

"ஏழுமல பேரு எங்க கீது?"

காட்டினேன்.

"உங்க பேரு?"

காட்டினேன்.

"எம் புள்ள பேரு?"

அவள் விரலைப் பிடித்து, அந்த இடத்தில் வைத்தேன். வைத்த விரலை எடுக்காமல் நின்றாள். பிறகு எடுத்து, ஒட்டியிருந்த சாக்பீஸ் மாவை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கஞ்சி ஆறுது, வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பலகையில் அரசு என்ற பெயரின் முதல் எழுத்து அழிந்துபோயிருந்தது.

அவள் தெரு திரும்பும் வரை காத்திருந்தேன். திரும்ப எழுதினேன்.